கண்ணில் ஒரு குறையும் இல்லை

களிமண் தட்டு பறந்து போய், பழைய கல்குவாரியின் சரிவில் இரண்டு தரம் உருண்டு, ஒரு கீறல்கூட விழாமல் புல்லில் போய் உட்கார்ந்துகொண்டது. டமார் அக்கா சுடவே இல்லை. துப்பாக்கி தோளில்தான் இருந்தது, குழல் தட்டைத் துரத்திக்கொண்டு ஒழுங்காகத்தான் போனது. ஆனால் சுட வேண்டிய நொடியில் உடம்பு முன்பக்கமாக ஒருமுறை தள்ளாடியது, பின்னாலிருந்து யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளியதுபோல. வெடிச்சத்தம் வரவில்லை. நடுவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஏதோ தன் வீட்டுத் தப்பைச் சொல்வதுபோல, "போச்சு" என்று அறிவித்தார்.

வேலிக்கு வெளியே நின்ற கூட்டத்தில் அக்காவின் நாத்தனாரும் இருந்தாள். நாத்தனாருக்கு ரகசியம் பேசுவதாக ஒரு நினைப்பு உண்டு. அந்த ரகசியம் குவாரியின் எதிர்ச்சுவரில் மோதித் திரும்பிவரும்.

"அண்ணிக்குத் தட்டே தெரியல போலிருக்கே. அண்ணன் என்னத்தத்தான் கண்ணாடி போட்டுக் கொடுத்தாரோ!"

அக்காவின் காதில் விழுந்தது. காது மூடிதான் போட்டிருந்தாள், இருந்தும் விழுந்தது. நியாயமாக அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது நிம்மதி. கண் என்று நினைக்கிறார்களா, நினைத்துக்கொள்ளட்டும். அடுத்த தட்டுக்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, வானத்துக்கு எதிராகப் பிடித்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினாள். பார்த்தவர்களுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

இந்த அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஏழு முறை நாட்டின் சாம்பியன். சுடுகிறவர் குரல் கொடுத்ததும் களிமண் தட்டை எந்திரம் வானத்தில் விசிறியடிக்கும், எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டித் தெரியாது, கண் மூடித் திறப்பதற்குள் அதை உடைத்தாக வேண்டும். அதுதான் ஆட்டம். பத்தொன்பது வயதில் அவள் குவாரியில் நடக்கும் துப்பாக்கிச் சங்கத்தில் சேர்ந்தது துப்பாக்கி பிடிக்க அல்ல. எந்திரம் இருக்கும் குழிக்குள் இறங்கித் தட்டு அடுக்கிக் கொடுக்கும் வேலைக்கு. குழிக்குள்ளிருந்து ஒவ்வொரு தட்டும் எப்படிக் கிளம்பிப் போகிறது என்று அண்ணாந்து பார்த்துப் பார்த்து, ஒருநாள் மேலே ஏறி வந்து, "இதை உடைக்கவா இவ்வளவு பேர் இவ்வளவு மூச்சு வாங்கறீங்க?" என்று கேட்டாளாம். கேட்ட வாய்க்குத் துப்பாக்கியைக் கையில் கொடுத்தார்கள், கிண்டலுக்கு. மாலைக்குள் கிண்டல் செய்தவர்கள் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இந்தக் கதையை அக்காவே சொன்னால் மாலைக்குள் என்பது மதியத்துக்குள் என்று ஆகிவிடும். தன்னடக்கம் என்ற சாமான் அவள் வீட்டுக்குள் நுழைந்ததே இல்லை. தெருவில் ஆரம்பத்தில் "பொம்பளைக்கு எதுக்குடி வெடி?" என்று கேட்டவர்கள்தான், முதல் பதக்கம் வந்த மறுநாள் "எங்களுக்கு அப்பவே தெரியும்" என்றார்கள். டமார் அக்கா என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான். அவளைப் பெற்றவர்கள் வைத்த பெயர் வோட்டர் அட்டையில் தூங்குகிறது.

அவள் கட்டிக்கொண்டது கடைத்தெருக் கண்ணாடிக்காரரை. கண் பரிசோதித்துக் கண்ணாடி போட்டுத் தருபவர். பேசினால் வார்த்தை தேய்ந்துவிடும் என்பதுபோல் பேசுவார். ஊமைக் கோட்டான் என்று நாத்தனாரே தன் அண்ணனைச் சொல்வாள். ஆனால் வியாபார மூளைக்குக் குறைச்சல் இல்லை. கடை வாசலில் ஆள் உயரப் பலகை. அதில் அக்கா துப்பாக்கியோடு வானத்தைப் பார்த்து நிற்கிறாள். கீழே, 'சாம்பியனின் கண்கள் எங்கள் பொறுப்பில்!' அந்தப் பலகையை நம்பி மூன்று தெரு தள்ளியிருந்தெல்லாம் வெள்ளெழுத்துக்காரர்கள் வந்தார்கள். இருபது வருஷம் அது நன்றாகத்தான் ஓடியது. பெண்டாட்டி தட்டை உடைக்க உடைக்க, புருஷன் கடையில் கண்ணாடி விற்றது.

இப்போது தட்டுகள் உடையாமல் போக ஆரம்பித்து அரை வருஷம்.

உண்மை அக்காவுக்கு மட்டும் தெரியும், அல்லது அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். கண்ணில் ஒரு குறையும் இல்லை. தட்டு முன்னெப்போதும் இல்லாத அளவுக்குப் பளிச்சென்று தெரிந்தது. அதன் விளிம்பில் இருக்கும் வரிப்பள்ளங்களைக்கூட எண்ணிவிடலாம் போலிருந்தது. ஆனால் வலது ஆள்காட்டி விரல், 'இப்போ' என்று மூளை சொன்னதும் கல்லாகிவிடுகிறது. சுடு என்கிறாள், மாட்டேன் என்கிறது. ஒவ்வொரு வெடிக்கும் துப்பாக்கிக் கட்டை தோளில் ஓர் அடி கொடுக்கும். லட்சம் அடி வாங்கிய உடம்பு, போதும் தாயே என்று யாரையும் கேட்காமல் தானாக ஒரு முடிவு எடுத்துவிட்டது. சுடுகிறவர்கள் வட்டாரத்தில் இந்த நோயை எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். சொன்னால் தொற்றிக்கொள்ளும் என்று பயம். கேட்கிறவனுக்கு அது ஒரே ஒரு சொல்லாகத்தான் கேட்கும்: பயந்துட்டா.

கண் போனது என்றால் அது வயசு. வயசு யாருக்கும் வரும், மரியாதையான விருந்தாளி. விரல் போனது என்றால்? டமார் அக்காவுக்குத் தன்னைப் பார்த்து யாராவது "பாவம்" என்று சொல்வதைவிட "திமிர்" என்று சொல்வதுதான் பிடிக்கும். அதனால் மஞ்சள் லென்ஸ் போட்டாள், ஆரஞ்சு போட்டாள், கத்திரிப்பூ நிறத்தில்கூட ஒன்று போட்டாள். ஒவ்வொன்றையும் போட்டுக்கொண்டு, உடைத்ததைவிட அதிகமாக விட்டாள். வீட்டிலும் அதே பாட்டுதான். "ஏங்க, கொஞ்சம் மங்கலா இருக்கு" என்பாள். அவர் கடைக்குப் பின்னாலிருக்கும் இருட்டறையில் உட்காரவைத்துப் பரிசோதிப்பார். மங்கல் என்று சொல்ல வந்தவள், வாசிக்கச் சொன்னால் ரோஷத்தில் கடைசி வரிவரை வாசித்துவிடுவாள். ஒருமுறை அதற்கும் கீழே, அட்டையை அச்சடித்த அச்சகத்தின் பெயரையும் சேர்த்து வாசித்துவிட்டாள். அவர் விளக்கைப் போட்டு, "ம்" என்றார். மறுவாரம் புது லென்ஸ் போட்டுக் கொடுத்தார்.

சங்கத்துச் செயலாளர் தேன் தடவிப் பேசுகிறவர். அவர் ஒருநாள் நாற்காலியை அக்காவின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மேடம், கண்ணு சமாச்சாரம். யாரும் யாரையும் குத்தம் சொல்ல முடியாது. கோச்சா வந்துடுங்க. தனி அறை, சுழல் நாற்காலி. மழைக்கு முன்னாடி உலகப் போட்டிக்கு மூணு பொண்ணுங்களத் தேர்வு பண்ணணும். நீங்க அதுல நின்னு, அப்புறம் நாலு பேரு நாலு விதமா பேசி... எதுக்கு?"

"நாலு பேரு இப்ப மட்டும் வாயைத் தச்சுக்கிட்டா இருக்காங்க?" என்றாள் அக்கா. ஆனாலும் சுழல் நாற்காலி மனசுக்குள் ஒரு சுற்றுச் சுற்றியது. கௌரவமான வாசல் அது. கண் என்ற ஒரு பொய்யைப் பிடித்துக்கொண்டால் தலை நிமிர்ந்து வெளியே போய்விடலாம். தடுத்தது ஒரே ஒரு விஷயம். உள்நாட்டில் ஏழு முறை சாம்பியனானவள், உலகப் போட்டியில் ஒரே ஒருமுறை நான்காவதாக வந்தாள். மூன்று பேருக்குத்தான் மேடை. மேடையின் ஓரத்தில் நின்று கை தட்டிவிட்டு வந்தவள். அந்தக் கைதட்டல் இன்னும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. இன்னும் ஒரே ஒரு தரம் போய் அந்த முள்ளை எடுத்தாக வேண்டும். மழைக்கு முன் நடக்கும் தேர்வுதான் கடைசி வாய்ப்பு.

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தாள். செயலாளர் அதையே சம்மதம் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை கடையின் பின்னறையில், திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவள் கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முன்னால் ரிட்டயர்டு தலைமையாசிரியர் குரல் கேட்டது. போன வாரம்தான் விலை கூடின லென்ஸுக்குச் சொல்லிவிட்டுப் போனவர்.

"தப்பா நினைக்காதீங்க. அந்த ஆர்டரை விட்டுடுங்க. உங்க வீட்டு அம்மாவுக்கே தட்டு தெரியலைன்னு ஊரே பேசுது. நான் படிக்கிறவன், எனக்கு எழுத்து தெரியணும் பாருங்க."

பேச்சே இல்லாத மனுஷன் பதில் சொல்லமாட்டார் என்றுதான் அக்கா நினைத்தாள். அவர் சொன்னார்.

"ஆமாங்க சார். அவளுக்குப் போட்ட லென்ஸ்ல நான்தான் கோட்டை விட்டுட்டேன். என் கணக்குதான் தப்பு. நீங்க எதிர்க் கடையிலயே போட்டுக்குங்க, நல்லாப் போடுவான்."

அக்காவின் கையில் துணி அப்படியே நின்றது. அரை வருஷமாகக் கூட்டம் குறைந்ததை அவள் கவனித்திருந்தாள். அதைச் சந்தை நிலவரம் என்று வைத்துக்கொண்டிருந்தாள். இந்த மனுஷன் ஒவ்வொரு ஆளிடமும் இப்படியே சொல்லி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்! அச்சகத்தின் பெயரை வாசித்த கண்ணைப் பார்த்துவிட்டு "ம்" என்றவர். தலைமையாசிரியர் படி இறங்கியதும் திரையை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"எதுக்கு அவருகிட்ட பொய் சொன்னீங்க?"

"நீ சொன்னதைத்தான் நானும் சொன்னேன்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"கண்ணு சம்பந்தப்பட்டதில்லைன்னு தெரியும். வேற என்னன்னு நீ சொல்லல. நான் கேக்கல."

"எப்ப இருந்து?"

"மஞ்ச லென்ஸ்ல இருந்து."

"அப்புறம் ஏன்யா ஆரஞ்சு போட்டுக் கொடுத்தீங்க?"

"நீ கேட்ட, போட்டேன்." அவர் மேஜைமேல் இல்லாத தூசியைத் துடைத்தார். "பெரிய ஆளு நீ. உனக்கு ஒரு சாக்கு வேணும்னா, என் கடையை விட்டா வேற எங்க போய் வாங்குவ?"

அழுகிற ரகம் இல்லை அவள். கோபப்படுகிற ரகம். யார்மேல் என்று தெரியாத கோபம் வந்தால் இன்னும் மோசம். காலில் கிடைத்ததை மாட்டிக்கொண்டு, அதில் ஒன்று அவருடைய செருப்பு, தெருவில் இறங்கி ஓடினாள். தலைமையாசிரியர் தையல்கடை வரைக்கும் போயிருந்தார்.

"சார்! நில்லுங்க சார்! உங்க ஆர்டரு அப்படியே இருக்கு, வாங்க. என் கண்ணுல ஒரு குறையும் இல்ல. அதோ அந்த மாடியில காயுதே சட்டை, அதுல மூணாவது பட்டன் இல்ல, தெரியுதா உங்களுக்கு? எனக்குத் தெரியுது. எங்க வீட்டுக்காரர் போட்ட கண்ணாடி! எனக்குப் போனது விரலு. இந்த விரலு. சுடுன்னா சுட மாட்டேங்குது. போதுமா?"

தையல் மெஷின் நின்றது. பழக்கடையில் எடை போட்டுக்கொண்டிருந்தவன் தராசில் கையை வைத்தபடியே நின்றான். சட்டைக்குச் சொந்தக்காரி மாடியில் எட்டிப் பார்த்து, அவசரமாகச் சட்டையை உருவிக்கொண்டாள். தலைமையாசிரியர் அந்த விரலைக் கிட்டே போய் உற்றுப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் பையன்களின் நகத்தைப் பார்த்துப் பழகினவர்.

"வலிக்குதாம்மா?"

"வலிச்சாப் பரவாயில்லையே சார். அடம் பிடிக்குது."

செய்தி அவள் கடைக்குத் திரும்பும் முன்னாலேயே கடைக்கு வந்து சேர்ந்துவிட்டது. கொண்டுவந்தவள் நாத்தனார். வாசலில் நின்று, "அண்ணி, விரலாமே! முன்னாடியே சொல்லியிருந்தா நான் இத்தனை நாளு அண்ணனைத் திட்டியிருக்க மாட்டேனே, எவ்வளவு பேச்சு வீணாப் போச்சு!" என்று மூக்கை உறிஞ்சினாள். அது அவள் வழக்கப்படி மன்னிப்பு.

அன்று மதியம் கடையில் ஈ, காக்கை இல்லை. அக்கா ஷட்டர் இழுக்கும் நீளக்கோலை எடுத்து வலது தோளில் வைத்துப் பார்த்தாள். சுவரில் ஊர்ந்த பல்லியைக் குறி வைத்தாள். விரல் வெறுங்கோலுக்கே விறைத்தது. சனியன் என்று கோலை இடது தோளுக்கு மாற்றினாள். இடது ஆள்காட்டி விரல் சும்மா, நகைக்கடையில் வளையல் காட்டுகிறவள் விரல்போல லேசாக மடங்கியது. மறுபடி செய்தாள். மறுபடி மடங்கியது. அதற்கு எந்தச் சரித்திரமும் தெரியாது. ஒரு வெடிகூட வெடித்திராத கன்னிவிரல்.

"ஏங்க," என்றாள். குரல் மாறியிருந்தது. "இங்க பாருங்க."

அவர் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் வாழ்நாளில் பேசாத அளவுக்குப் பேசினார்.

"உனக்கு ராஜாக் கண்ணு, அதான் குறி பாக்கற கண்ணு, வலது. துப்பாக்கி இடது தோளுக்குப் போனா, வலது கண்ணு சும்மா இருக்காது. நான் காட்றேன் வழின்னு குறுக்க வந்து குட்டையைக் குழப்பும். தட்டுக்கு ஒரு முழம் தள்ளிச் சுடுவ. அதோட வாயை அடைக்கணும்."

"எப்படி?"

பதில் சொல்லாமல் மங்கலான ஒட்டுத்தாளில் நகத்தளவு வெட்டி, அவள் கண்ணாடியின் வலது பக்கத்தில், பார்வை விழுகிற இடத்தில், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டினார். நாட்டிலேயே சிறந்த கண்ணை, அதைக் காட்டியே பிழைப்பு நடத்திய கண்ணாடிக்காரரே மூடிவிட்டார். தெரு இதை எப்படி எடுத்துக்கொண்டிருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா? "விரல் போச்சுன்னா கண்ணுல பிளாஸ்திரி போடுறான், இவன்கிட்ட பல்லுவலின்னு போனா கால்ல கட்டுப் போடுவான்" என்று பழக்கடைக்காரன் சொன்னது ஒரு மாசம் ஓடியது.

செயலாளர் முதலில் நம்பவில்லை. நம்பிய பிறகு சிரித்தார். சிரித்து முடித்த பிறகு, இடது தோளுக்கு ஏற்றபடி துப்பாக்கிக் கட்டையைச் செதுக்க அக்கா மரத்தச்சனைக் கூட்டிவந்தபோது, "மேடம், நாற்காலி ரெடியா இருக்கு" என்றார். "அதுல உங்க தொப்பியை வைங்க, அதுவும் பாவம், வெயில்ல நிக்குது" என்று சொல்லிவிட்டு அக்கா புதிதாகச் சேர்ந்தவர்களோடு போய் வரிசையில் நின்றாள். ஏழு முறை சாம்பியன், கல்லூரிப் பிள்ளைகளுக்கு நடுவில். முதல் நாள் இருபத்தைந்தில் மூன்று உடைந்தது. கட்டை கன்னத்தில் மோதி, இடது பக்கம் நாவல்பழ நிறத்தில் வீங்கியது. அதைத் துணி போட்டு மறைக்கவில்லை. கடைத்தெருவில் அந்தப் பக்கத்தையே எல்லாருக்கும் காட்டிக்கொண்டு நடந்தாள். அரை வருஷம் மறைத்தவளுக்கு ஒளிவுமறைவு அலுத்துவிட்டது போலும்.

சங்கத்தில் அடுத்த சாம்பியன் என்று எல்லாரும் கைகாட்டிய பெண் ஒரு பல் டாக்டர். நிதானமானவள், கை நடுங்காதவள், அக்காவுக்குப் பதினைந்து வயது இளையவள். வீங்கின கன்னத்தைப் பார்த்து, "அக்கா, வாயைத் திறங்க, பல்லு ஏதாச்சும் ஆடுதா பாக்கறேன்" என்றாள்.

"ஆடுறது உன் இடம்தான். போய் அதைக் கெட்டியாப் பிடிச்சுக்க."

பல் டாக்டர் சிரித்தாள். ஆனால் அன்றிலிருந்து அரைமணி நேரம் முன்னதாகவே பயிற்சிக்கு வர ஆரம்பித்தாள்.

மூன்று பத்தாயிற்று, பத்து பதினேழாயிற்று. பிறகு பல நாள் பதினேழிலேயே நின்று உயிரை வாங்கியது. வலது தோளில் இருபது வருஷம் கற்றது எல்லாம் இடது தோளுக்கு உபதேசம் செய்ய வந்து கெடுத்தது. கால் தப்பாக நின்றது, இடுப்பு தப்பாகத் திரும்பியது. கண்ணாடிக்காரர் கடையைச் சாத்திவிட்டு வேலிக்கு வெளியே வந்து நின்று பார்ப்பார், ஒட்டுத்தாளை ஒருநாள் ஒரு மயிரிழை மேலே, ஒருநாள் ஒரு மயிரிழை உள்ளே என்று நகர்த்தி ஒட்டுவார். ஒருநாள் ஒட்டிய பிறகு இருபத்திரண்டு உடைந்தது. அவர் அந்தத் தாளைத் தொடவே இல்லை அதற்கப்புறம். தலைமையாசிரியர் அந்த வாரம் தன் புதுக் கண்ணாடியோடு வந்து வேலியோரம் நின்று, "மூணாவது தட்டோட கீழ் விளிம்புலதான் பட்டுது, நான் பாத்தேன்" என்று எல்லாரிடமும் சொன்னார். கடைக்கு அதைவிட நல்ல பலகை வேண்டியதில்லை.

தேர்வு நாள் காலையில் வானம் வெளுத்திருந்தது, காற்று மட்டும் பைத்தியம் பிடித்த மாதிரி திசை மாறிக்கொண்டிருந்தது. மூன்று இடம், பதினோரு பெண்கள். மதியத்துக்குள் முதல் இரண்டு இடமும் வெளியூர்க்காரிகளுக்குப் போய்விட்டது. மூன்றாவது இடத்தில் இரண்டு பேர் சமமாக நின்றார்கள். இடது தோளில் துப்பாக்கியோடு டமார் அக்கா, வலது தோளில் துப்பாக்கியோடு பல் டாக்டர்.

சமம் வந்தால் இழுபறி ஆட்டம். ஆளுக்கு ஒரு தட்டு, தட்டுக்கு ஒரே ஒரு குண்டு. ஒருத்தி உடைத்து மற்றவள் விட்டால் முடிந்தது. கூட்டத்துக்குத் தெரியவேண்டும் என்று அந்தத் தட்டுகளுக்குள் ரோஜாநிறப் பொடி அடைத்திருப்பார்கள். உடைந்தால் வானத்தில் ஒரு மேகம்.

செயலாளர் ஒலிபெருக்கியில் இரண்டு பேரையும் அழைத்தார். அக்காவைச் சொல்லும்போது 'முன்னாள்' என்று ஆரம்பித்துவிட்டு விழுங்கினார்.

"அக்கா, மன்னிச்சுக்குங்க," என்றாள் பல் டாக்டர், குண்டை உள்ளே தள்ளியபடி. "இன்னிக்கு மரத்துப்போற ஊசி கிடையாது."

"எனக்கு மரத்துப்போனது அந்த ஒரு விரலுதான்டி. மத்ததெல்லாம் நல்லா வலிக்குது. சுடு."

பல் டாக்டர் உடைத்தாள். அக்கா உடைத்தாள். பல் டாக்டர் மறுபடி, அக்கா மறுபடி. இடது விரல் ஒவ்வொரு தரமும் சொன்ன பேச்சைக் கேட்டது, கேட்ட கையோடு தூங்கப்போனது, அடுத்த தரம் எழுப்பினால் எழுந்தது. தோற்றால் சுழல் நாற்காலிதான் என்று அவளுக்கு நினைவு இருந்தது. ஜெயித்தால் அந்த மேடை என்றும் இருந்தது. ஆனால் இரண்டும் ரொம்ப தூரத்தில், யார் வீட்டுக் கல்யாணமோ என்பதுபோல் இருந்தன. பக்கத்தில் இருந்தது இந்தத் தட்டு. இருபது வருஷத்தில் ஜெயிக்க வேண்டும் என்று சுட்டிருக்கிறாள், தோற்கக் கூடாது என்று சுட்டிருக்கிறாள், இப்போது இன்னும் ஒன்று வரட்டுமே என்று சுட்டாள். பக்கத்தில் நின்றவள் முகத்திலும் அதே பசி இருந்தது. நன்றாகச் சுடுகிறாள் கழுதை, என்று நினைத்துக்கொண்டாள்.

காற்று இந்தப் பக்கம் திரும்பியது. பொடி மேகம் கலையாமல் அப்படியே கூட்டத்தின்மேல் வந்து இறங்கியது. செயலாளரின் வழுக்கை ரோஜாநிறமாயிற்று. நாத்தனார் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, பொத்திய வாயால் பேசிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்காரரின் கண்ணாடி முழுக்கப் பொடி. அவர் அதைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அது இல்லாமல் அவருக்கு வானமும் குவாரியும் ஒரே சாம்பல்தான். தலைமையாசிரியர் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு காதருகே சொல்லிக்கொண்டே வந்தார்.

"டாக்டரம்மா உடைச்சாச்சு... உங்க அம்மாவும் உடைச்சாச்சு... டாக்டரம்மா... அதுவும் தூளு..."

"உலகப் போட்டிக்கு யாரு போறது சார்? முடிஞ்சிடுச்சா?"

"எங்க முடியுது! ரெண்டும் விட மாட்டேங்குதே!"

அக்கா அடுத்த குண்டைப் போட்டுத் துப்பாக்கியை மூடினாள். கட்டை இடது கன்னத்தில் வந்து படிந்தது. முந்தின தட்டின் பொடி வானத்தில் இன்னும் கலையவில்லை. அவள் தட்டைக் கூப்பிட்டுக் குரல் கொடுத்தாள். குழியிலிருந்து கிளம்பிய தட்டு அந்த ரோஜாநிற மேகத்துக்குள் நுழைந்து, அதில் வட்டமாக ஒரு ஓட்டை போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் வெளியே வந்தது. குழல், தட்டு வந்து சேரப்போகிற இடத்தை நோக்கி, அதற்கும் ஒரு விரற்கடை முன்னால், அவசரமே இல்லாமல், போய்க்கொண்டிருந்தது.